அண்டக்கதிர் அளவுகோலும் மலைநாட்டு மண்ணும்: ஒரு விமர்சன நோக்கு

1

மண்ணரிப்பு இயற்கையின் செயலா, மனிதனின் செயலா என்னும் வினா, இலங்கையின் மலைநாட்டைப் பொறுத்தவரை வெறும் புவியியல் வினாவன்று. நிலவுடைமை, உழைப்பு, அரசின் கொள்கை ஆகிய அனைத்தோடும் பின்னிப் பிணைந்த வினா அது. மழை மிகுந்த அயனமண்டல மலைச்சரிவுகள் இயல்பாகவே விரைந்து கரைவன என்று கொள்வோமாயின், ஆறுகள் செந்நிறமாகப் பெருக்கெடுப்பதற்கும் நீர்த்தேக்கங்கள் அடையலால் தூர்வதற்கும் எவரும் பொறுப்பாளராகார். அவ்வாறன்று என நிறுவ வேண்டுமாயின், மனிதன் கை வைப்பதற்கு முன்னர் இம்மலைகள் ஆண்டுதோறும் எவ்வளவு மண்ணை இழந்துவந்தன என்பதற்கு ஓர் அளவு வேண்டும். அத்தகைய அளவு நெடுங்காலமாக நம்மிடம் இருக்கவில்லை. காடழிப்புக்கு முற்பட்ட காலத்தில் ஆற்றுநீரின் அடையலை அளந்து குறித்து வைத்தவர் எவருமில்லை.

இக்குறையை நிரப்பும் முயற்சியாக அமைந்தது, திலக் ஹேவாவசம், பிரிட்ஹெல்ம் வொன் பிளாங்கன்பேர்க், மிரியம் ஷல்லர், பீற்றர் குபிக் ஆகியோர் ‘ஜியோலொஜி’ என்னும் அமெரிக்க ஆய்வேட்டில் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையாகும். மகாவலியின் மேல் நீரேந்து பிரதேசத்துச் சிற்றாறுகளின் மணலையும் அப்பகுதி மண்ணையும் ஆராய்ந்து, அவற்றிற் பொதிந்துள்ள அண்டக்கதிர்வழி அணுக்கருக்களின் அளவிலிருந்து அரிப்பின் இயற்கை வேகத்தை அது கணித்தது. இயற்கை வேகத்தை மனித அரிப்பின் வேகம் விஞ்சிவிட்டது என்பதே அதன் முடிபு.

இக்கட்டுரை இரு கோணங்களில் நோக்கப்படல் வேண்டும். அது தரும் அளவுகோல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது ஒன்று. அவ்வளவுகோலைக் கொண்டு எட்டிய முடிபிலே ‘மனிதன்’ எனச் சுட்டப்படுபவன் யார் என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்குக் கட்டுரை வலுவான விடையைத் தருகின்றது. இரண்டாவதை அது எழுப்பவேயில்லை. எனினும், முதலாவதற்குக் கிடைத்த விடையே இரண்டாவதைத் தவிர்க்கவொண்ணாததாக ஆக்கிவிடுகின்றது என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்தாகும்.

2

முறையின் அடிப்படையைச் சுருக்கமாக நோக்குவோம். 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி மேற்கொண்ட அளவீடுகள், வான்வெளியிலிருந்து புவியை நோக்கி ஊடுருவும் கதிர்வீச்சொன்று உண்டென்பதை வெளிப்படுத்தின. அண்டக்கதிர் எனப்படும் இதன் துணிக்கைகள் வளிமண்டலத்தில் மோதி நியூத்திரன் முதலிய துணைத்துணிக்கைகளைத் தோற்றுவிக்கின்றன. அவற்றுட் சில நிலத்தை எட்டிப் பாறையின் மேற்படையினுட் புகுகின்றன. அங்கே படிகக்கல்லின், அதாவது குவாட்சின், ஒட்சிசன் அணுக்கருவைத் தாக்கிச் சிதைக்கும்போது பெரிலியம் 10 பிறக்கின்றது; சிலிக்கன் அணுக்கருவைத் தாக்கும்போது அலுமினியம் 26 பிறக்கின்றது. முன்னையதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 13 இலட்சத்து 90 ஆயிரம் ஆண்டுகள். பின்னையதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகள்.

இவ்வாக்கம் மிகச் சொற்பமானது. காந்தமுனைகளுக்கு அண்மையிலே, கடல்மட்டத்தில், ஒரு கிராம் குவாட்சில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நான்கு பெரிலியம் அணுக்களே தோன்றுகின்றன. புவியின் காந்தப்புலம் மத்தியகோட்டுப் பகுதிகளைக் கூடுதலாகக் காப்பதால் இலங்கையிற் கடல்மட்டத்தில் இவ்வீதம் இன்னும் குறைவு. ஆயின், உயரம் கூடக்கூட மேலேயுள்ள வளிப்படை மெலிகின்றமையால், இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் வீதம் இரு மடங்கிற்கு மேலாகின்றது.

பாறையினுள்ளே ஆழம் செல்லச் செல்ல ஆக்கம் விரைவாகத் தேய்கின்றது. ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் ஆழத்தில் அது மேற்பரப்பிலுள்ளதன் மூன்றிலொரு பங்களவாகிவிடும். முறையின் உயிர்நாடி இதுவே. மேற்பரப்பு மெதுவாகத் தின்னப்படுமாயின், கீழிருந்து மேலே வரும் மணற்றுணிக்கை கதிர்வீச்சு மிகுந்த படையில் நீண்டகாலம் தங்கி அணுக்களைத் திரட்டிக்கொள்ளும். விரைந்து தின்னப்படுமாயின் அது வெறுங்கையோடு ஆற்றை வந்தடையும். ஆகவே, அணுச்செறிவு மிகுந்தால் அரிப்புக் குறைவு. செறிவு குறைந்தால் அரிப்பு மிகுதி. ஆயிரம் ஆண்டுக்குப் பத்து மில்லிமீற்றர் வீதம் அரிபடும் நிலத்தில் அந்த 60 சென்ரிமீற்றரைக் கடக்க அறுபதாயிரம் ஆண்டுகள் செல்லும். இம்முறையினாற் பெறப்படும் வேகம் அந்நெடுங்காலத்தின் சராசரியேயன்றி நேற்றைய வேகமன்று.

இத்துறையின் வரலாற்றிலே 1955இல் அமெரிக்காவில் ரேமண்ட் டேவிஸ், ஒலிவர் ஷேபர் ஆகியோர் பாறையிற் குளோரின் 36ஐக் கண்டறிந்தமை ஒரு தொடக்கமாகும். கோட்பாட்டு அடிப்படையைச் செம்மை செய்தவர்களுள் இந்தியப் பௌதிகவியலாளரான தேவேந்திர லால் முதன்மையானவர். அவரது 1991ஆம் ஆண்டுக் கட்டுரை இன்றும் ஆதாரநூல் போன்று எடுத்தாளப்படுகின்றது. அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணத்தக்க ஆர்முடுக்கித் திணிவு நிறமாலைமானம் 1977ஆம் ஆண்டளவிற் கைகூடியிராவிடின் இக்கோட்பாடு ஏட்டளவிலேயே நின்றிருக்கும். 1990களின் நடுப்பகுதியில் மற்றொரு படி எடுத்து வைக்கப்பட்டது. தனிப்பாறையைவிட ஆற்றுமணலை ஆராய்ந்தால், அது முழு நீரேந்து பிரதேசத்தின் கலவையாதலின், பிரதேசம் முழுவதற்குமான சராசரி வேகத்தை ஒரு பிடி மணலே தரும் என்பது அப்போது நிறுவப்பட்டது.

இதே அணுக்களைக் கொண்டு, புதையுண்ட பொருள்களின் வயதையும் அறியலாம். தமிழகத்தின் அத்திரம்பாக்கத்திற் கிடைத்த பழங்கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மை உடையவை என 2011இல் அறிவிக்கப்பட்டபோது, அம்முடிபுக்குத் துணைநின்ற சான்றுகளுள் பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் விகிதமும் ஒன்றாகும். ஆகவே, இம்முறை ஐயத்துக்குரிய புதுமையன்று. பல நாடுகளிற் பரிசோதிக்கப்பட்ட கருவியாகும்.

3

மகாவலி ஆய்வின் முடிபுகளை இனி நோக்குவோம். மேல் நீரேந்து பிரதேசத்தின் இயற்கை அரிப்பு, கடந்த 50,000 முதல் 100,000 ஆண்டுகளின் சராசரியாக, சதுர கிலோமீற்றருக்கு ஆண்டொன்றுக்கு 13 முதல் 30 தொன் என்பது ஆய்வாளர் கண்ட அளவு. ஒரு ஹெக்டயருக்கு இது 130 முதல் 300 கிலோகிராம் வரையாகும். பாறையின் தடிப்பாக எண்ணின், ஆயிரம் ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 5 முதல் 11 மில்லிமீற்றர். இதற்கெதிராக, தற்கால ஆற்று அடையல் அளவீடுகள் சதுர கிலோமீற்றருக்கு 130 முதல் 2,100 தொன் வரையான இழப்பைக் காட்டுகின்றன. மண் உருவாகும் வேகத்தைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வேகத்தில் அது இழக்கப்படுகின்றது என்பது ஆய்வாளரின் கூற்று.

இவற்றுள் முதலாவது எண்ணே எம்மை வியக்கச் செய்வது. ஆண்டுக்கு இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் மில்லிமீற்றர் வரை மழை பெறும், வெப்பமும் செங்குத்தும் மிக்க மலைகள் இவ்வளவு மெதுவாகத் தேய்ந்தன என்பது பாடநூல்களிற் பயின்ற எதிர்பார்ப்புக்கு மாறானது. இதே குழுவினர் 2004இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை இதனை விளக்க முற்பட்டது. மழையும் வெப்பமும் மாத்திரம் மலையைக் கரைத்துவிடுவதில்லை; புவியோட்டின் இயக்கம் பாறையை உயர்த்தியும் உடைத்தும் கொடுத்தாலன்றி அரிப்பு விரைவதில்லை. இமயமலையின் பல பகுதிகளில் அரிப்பு ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் என்னும் அளவை எட்டுவதற்கு அதுவே காரணம். பழம்பெரும் பாறைகளாலான இலங்கையிலோ அத்தகைய இயக்கம் இல்லை. எனவே நமது மலைகள் தடித்த மண்போர்வையைப் போர்த்து, காட்டின் வேர்களாற் பிணைக்கப்பட்டு, ஏறத்தாழ அசைவற்று நின்றன. 1929இல் எப். டி. அடம்ஸ் இத்தீவின் தரைத்தோற்றத்தை மூன்று படிகளாக வகுத்ததும், பின்னர் டி. என். வாடியா அதற்கு மாற்று விளக்கம் தந்ததும் கண்ணாற் கண்டவற்றையும் வரைபடங்களையும் ஆதாரமாகக் கொண்ட விவாதங்களாகும். ஹோட்டன் சமவெளி மிக மெதுவாகவும் அதன் விளிம்பிலுள்ள செங்குத்துச் சரிவு அதைவிடப் பன்மடங்கு விரைவாகவும் அரிபடுகின்றன என 2007இற் காட்டப்பட்டபோது, அவ்விவாதத்துக்கும் எண்வழிச் சான்று கிடைத்தது.

அளவுகோலின் வரையறைகளை மறைத்தல் தகாது. அரிப்பு நெடுங்காலம் ஒரே சீராக நிகழ்ந்தது என்றும், ஆறு எல்லாச் சரிவுகளின் மணலையும் அளவொத்துக் கலக்கின்றது என்றும், குவாட்சு எங்கும் ஒத்துப் பரவியுள்ளது என்றும் இம்முறை கொள்கின்றது. இவை யாவும் எளிமைப்படுத்தல்களே. மண்சரிவு நிகழுமிடத்து ஆழத்திலிருந்த, அணுச்செறிவு குறைந்த மணல் திடீரென ஆற்றிற் கலந்து, கணிப்பைப் பிறழச் செய்யும். 2014 ஒக்ரோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் லயங்களைப் புதைத்தது போன்ற சரிவுகள் நிகழும் மலைநாட்டில் இவ்வெச்சரிக்கை பொருத்தமானது. அத்துடன், பெரிலியம் 10இன் அரைவாழ்வுக் காலமும் ஆக்கவீதமும் 2003இன் பின்னர் திருத்தப்பட்டுள்ளன. எனவே அக்கட்டுரையின் எண்கள் இன்று ஓரளவு மாறும். ஆயின் இத்திருத்தங்கள் பத்து முதல் நூறு மடங்கு என்னும் இடைவெளியை மூடிவிடக்கூடியவையல்ல.

இதனிலும் பாரதூரமான ஆட்சேபம் ஒன்றுண்டு. ஓர் எண் பல்லாயிரம் ஆண்டுகளின் சராசரி. மற்றையது சில ஆண்டுகளின் அளவீடு. இரண்டையும் ஒப்பிடல் முறையாகுமா? இவ்வினாவுக்கு அமெரிக்காவின் ஐடாஹோ மலைகளில் நிகழ்ந்த ஆய்வொன்று விடை தருகின்றது. அங்கே அண்டக்கதிர்வழிப் பெற்ற நெடுங்கால வேகம், ஆற்றில் அளந்த குறுங்கால வேகத்தைவிடச் சராசரியாகப் பதினேழு மடங்கு கூடுதலாக இருந்தது என 2001இல் ஜேம்ஸ் கேர்ச்னரும் குழுவினரும் காட்டினர். எப்போதோ ஒருமுறை நிகழும் பேரழிவுகளை நெடுங்காலச் சராசரி உள்ளடக்குகின்றது. சில தசாப்த அளவீடு அவற்றைத் தவறவிடுகின்றது என்பதே அதன் விளக்கம். ஆகவே, காலவேறுபாட்டினால் மட்டும் பிழை நேருமாயின், குறுங்கால எண் குறைவாகவே தோன்றவேண்டும். மகாவலியிலோ அது பன்மடங்கு கூடுதலாக உள்ளது. மேலும், சரிவிலிருந்து கழுவப்படும் மண் முழுவதும் ஆற்றை அடைவதில்லை. ஒரு பகுதி வயல்களிலும் பள்ளங்களிலும் தங்கிவிடுகின்றது. இவற்றைக் கருதுமிடத்து, ஆய்வாளர் கண்ட இடைவெளி மிகைப்படுத்தப்பட்டதன்று, குறைத்தே மதிப்பிடப்பட்டிருக்கவுங்கூடும்.

4

இவ்வளவில் ஒரு வாதம் முற்றாக விழுந்துவிடுகின்றது. மலைநாட்டு மண்ணிழப்பை மழையின்மீதும் சரிவின்மீதும் சுமத்துதல் இனி இயலாது. மழையும் சரிவும் ஐம்பதாயிரம் ஆண்டுகளாக இருந்தன, மண்ணும் இருந்தது. மாறியது நிலத்தின் பயன்பாடே.

ஆனால், இங்கேதான் கட்டுரையின் போதாமையும் தொடங்குகின்றது. இயற்கைக்கு எதிராக ‘மனிதன்’ என ஒருவனை அது நிறுத்துகின்றது. இம்மனிதனுக்கு வரலாறில்லை, வர்க்கமில்லை. புவிச்சரிதவியல் ஆய்வேடொன்றில் அவ்வாறு எழுதுதல் துறைமரபாக இருக்கலாம். எனினும் அம்மரபு, யார், எப்போது, எதன்பொருட்டு என்னும் வினாக்களைப் புறத்தே தள்ளிவிடுகின்றது.

மகாவலி மேற்பள்ளத்தாக்கில் மனிதர் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்துள்ளனர். பலா, கமுகு, மிளகு, கிதுல் முதலியன அடுக்கடுக்காய் நிழல் விரிக்கும் கண்டி வீட்டுத்தோட்டங்களும் மனிதரின் ஆக்கமே. அவற்றில் மண்ணிழப்பு மிகக் குறைவு என்பது மண்ணியலார் பலரும் ஒப்பியது. நிலத்தை நன்கு மூடி வளர்ந்த தேயிலையிலும் இழப்பு அதிகமன்று. செடிகள் ஐதாகி வெறுநிலம் தெரியும் பழைய தேயிலைக் காணிகளிலும், செங்குத்துச் சரிவுகளிற் செய்கை பண்ணப்படும் புகையிலை, மரக்கறி நிலங்களிலுமே அரிப்பு உச்சத்தை அடைகின்றது. ஆகவே, மண்ணை அழிப்பது ‘மனிதன்’ என்னும் பொதுமை அன்று. குறிப்பிட்ட வரலாற்றிலே தோன்றிய குறிப்பிட்ட நிலப்பயன்பாடே. ஆற்றின் சராசரி அடையலோ இவ்வேறுபாடுகளையெல்லாம் ஒன்றாகக் கலக்கிவிடுகின்றது.

அவ்வரலாறு ஆவணங்களில் உண்டு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காட்டையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியனவாக்கியது. அந்நிலங்கள் கோப்பிச் செய்கையாளருக்கு விற்கப்பட்டன. காடு வெட்டி எரிக்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியபின், அதே சரிவுகளிலே தேயிலை நடப்பட்டது. இந்நிலமாற்றத்தின் உழைப்பு தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுடையது. ஆயினும் குடியேற்ற ஆட்சியின் அதிகாரிகள் காடழிவுக்குப் பழிசுமத்தியது பெரும்பாலும் சேனைப்பயிர் செய்த குடியானவன் மீதேயாகும்.

தோட்டங்களிற் களை ஒன்றேனும் தென்படாத நிலமே நல்ல நிருவாகத்தின் அடையாளம் என நெடுங்காலம் கருதப்பட்டது. தொழிலாளர் கொந்தரப்பாக ஏற்ற புல்லுவெட்டு வேலையிலே, ‘சுரண்டி’ எனும் கருவி களையோடு மேல்மண்ணையும் வழித்தெடுத்தது. மழைக்கு முன்னர் அவ்வாறு திறந்துவிடப்பட்ட மண் மழையோடு சென்றது. சுரண்டியைப் பிடித்த கை தொழிலாளியுடையது. சுரண்டுமாறு பணித்த முடிவு அவருடையதன்று. அந்நிலத்தில் ஓர் அடியும் அவருக்குச் சொந்தமில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் நாட்டிலேயே உரிமையில்லை. இவ்விருவரையும், அதாவது பணித்தவரையும் பணிக்கப்பட்டவரையும், ‘மனிதன்’ என்னும் ஒரே சொல்லுள் அடக்குதல் அறிவியல் நடுநிலை ஆகாது.

அரசுடைமை இதனை மாற்றியதா என்பதும் கேட்கத்தக்கது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசிடம் சேர்த்தன. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் முதலில் ஐந்தாண்டு ஒப்பந்த அடிப்படையிற் கையளிக்கப்பட்டது. பின்னரே நீண்டகாலக் குத்தகை வந்தது. முப்பது சென்ரிமீற்றர் மண் உருவாக முப்பதாயிரம் ஆண்டளவு எடுக்கும் ஒரு நிலத்தை ஐந்தாண்டுக் கணக்கேட்டினால் ஆளுதல் எத்தகையது என்பதை அண்டக்கதிர் அளவுகோல் நன்கு உணர்த்துகின்றது.

5

இவ்வெண்களுக்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. மண் பாதுகாப்புத் துறையில் ‘தாங்கத்தக்க இழப்பு’ என்றொரு கருத்து வழங்குகின்றது. அமெரிக்காவில் வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவிய அவ்வரம்பின் உச்ச அளவு ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து தொன். அதாவது ஹெக்டயருக்கு ஏறத்தாழ 11 தொன், சதுர கிலோமீற்றருக்கு 1,100 தொன். மகாவலி மேற்பள்ளத்தாக்கின் இயற்கை வேகமோ 13 முதல் 30 தொன். ஆகவே ‘தாங்கத்தக்கது’ என ஏட்டில் அனுமதிக்கப்படும் இழப்பு, இம்மண் உருவாகும் வேகத்தைவிட ஏறத்தாழ 37 முதல் 85 மடங்கு கூடுதலானது. பயிர் விளைச்சல் உடனடியாகக் குன்றாதிருப்பதை அளவாகக் கொண்ட வரம்பு அது. மண்ணின் ஆயுளை அளவாகக் கொண்டதன்று. 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றிய நாடு இது. அச்சட்டத்தின்கீழ் எந்நிலத்தில் எத்தகைய செய்கையை அனுமதிப்பது என்பதைத் தீர்மானிக்கும்போது, பிற நாட்டு வரம்பை இரவல் பெறவேண்டிய தேவை இன்றில்லை. இம்மலைகளின் மணலே ஒரு வரம்பைத் தந்துள்ளது.

ஓர் எளிய கணக்கினை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 2,100 தொன் என்னும் உச்ச இழப்பு, ஒரு கன மீற்றர் மண்ணின் நிறையை 1.2 தொன் எனக் கொண்டால், ஒன்றே முக்கால் மில்லிமீற்றர் மண்ணாகும். ஒருவரின் வேலைக்காலமான நாற்பது ஆண்டுகளில் அது ஏழு சென்ரிமீற்றர். தாய் கொழுந்து பறித்த மலையும் மகள் கொழுந்து பறிக்கும் மலையும் ஒரே மலையாயினும் ஒரே மண்ணையுடையன அல்ல. இழந்த மண்ணின் விலை, பொல்கொல்லையிலும் ரந்தம்பேயிலும் அடையலாகப் படிந்து நீர்த்தேக்கக் கணக்கில் ஏறுகின்றது. அதே விலை மலையிலே குறைந்த விளைச்சலாகவும், எட்டமுடியாத கொழுந்து நிறையாகவும், அதன்வழி வெட்டப்படும் நாட்சம்பளமாகவும் தொழிலாளியின் கணக்கிலும் ஏறுகின்றது. முன்னைய கணக்கைப் பொறியியலாளர் எழுதுகின்றனர். பின்னையதை எந்த அறிக்கையும் மண்ணரிப்பு எனப் பெயரிட்டு எழுதுவதில்லை.

ஹேவாவசமும் குழுவினரும் ஆற்றிய பணி இந்நாட்டு அறிவியலுக்கு உறுதியான அடித்தளமாகும். மண்ணிழப்பு விதியன்று, வரலாறு என்பதை மறுக்கவியலாத அளவீட்டால் அவர்கள் காட்டியுள்ளனர். அதன்மேல் எழுப்பவேண்டிய பணிகள் எஞ்சியுள்ளன. நீரேந்து பிரதேசச் சராசரியோடு நில்லாது, வீட்டுத்தோட்டம், பெருந்தோட்டம், மரக்கறி நிலம் எனப் பயன்பாட்டுவாரியாகவும் உடைமைவாரியாகவும் இழப்புக் கணிக்கப்படல் வேண்டும். அவ்வெண்கள் காணிப் பதிவேடுகளோடும் தோட்ட அறிக்கைகளோடும் தொழிலாளரின் நினைவுகளோடும் சேர்த்து வாசிக்கப்படல் வேண்டும். இதற்குப் புவிச்சரிதவியலாரும் வரலாற்றாசிரியரும் சமூகவியலாரும் ஒன்றுகூடவேண்டும். சூரிச் நகரத்து ஆர்முடுக்கியில் எண்ணப்பட்டு ஆங்கில ஆய்வேட்டில் அச்சேறிய இவ்வளவுகள், அம்மலைகளில் உழைப்போரின் மொழிகளான தமிழிலும் சிங்களத்திலும் அவர்களைச் சென்றடைதலும் அதேயளவு அவசியம். தம் காலடி மண் எவ்வளவு காலத்தில் உருவானது, எவ்வளவு வேகத்தில் எவரது முடிவினால் இழக்கப்படுகின்றது என்பதை அறிந்துகொள்ளும் உரிமை முதற்கண் அவர்களுக்கே உண்டு. அவ்வுரிமையை நடைமுறையாக்குவது பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறை சார்ந்தோரும் அறிவியற்றுறை சார்ந்தோரும் இணைந்து ஏற்கவேண்டிய கடமையாகும்.